சக்கரத்துக்குள் ஒளிந்திருந்த மண்

லத்தார் நெடுஞ்சாலையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. முதலில் செல்பேசி அதிர்வது போல லேசாக. இன்னும் கொஞ்சம் மிதித்தபோது இரண்டு கைகளையும் சேர்த்து உதறியது. அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நான்கு டயரிலும் காற்று இருந்தது. நட்டு எதுவும் தளர்ந்த மாதிரி தெரியவில்லை. 60இல் ஓட்டினால் கார் சாதுவாகப் போகிறது. 90 வந்தால் திரும்பவும் பேயாட்டம்.

முதல் நாள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போயிருந்தேன். 2007ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஆனால், அங்கே பிறந்து வளர்ந்த என் அப்பாவிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "அது எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார். வானொலி நிகழ்ச்சிக்காகப் பழைய தோட்டத்து மக்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலை. இந்த நாட்டில் வணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை நட்டது அங்குள்ள தென்னைமரம் தோட்டத்தில்தான், 1917இல். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர்! அதைக் கேட்கத்தான் போனேன். கேட்டுவிட்டு வந்தது வேறு கதை.

அன்று மாலை அடைமழை. செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதை களியாகிவிட்டது. அதிலேயே உருண்டு போய்ச் சின்னம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் நல்ல வெயில். பாட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டவளுக்குத்தான் நெடுஞ்சாலையில் அந்த நடுக்கம்.

ஊர்ந்து ஊர்ந்து ரவாங் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்சோர்பரும் டை ராடும் போய்விட்டன, 680 ரிங்கிட் ஆகும் என்றார். இன்றைக்கே மாற்றாவிட்டால் ஆபத்து என்றும் சொன்னார். பயத்தில் தலையாட்டியிருப்பேன். பணம் போதாததால் அப்பாவை அழைத்தேன்.

"நேத்து அங்க மழையா?"

"ஆமாப்பா."

"ராத்திரி காடி எங்க நின்னுச்சு?"

"சின்னம்மா வீட்டு வாசல்ல."

"ரிம்முக்கு உள்பக்கம் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். வெளியே பளபளவென்று தெரிந்த ரிம்மின் உள்பக்கத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குக் களிமண் செங்கல் போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. பட்டறைக்காரரிடம் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு, சாலையோரம் ஒரு கம்பை ஒடித்து அரைமணி நேரம் சுரண்டினேன். அன்று வீட்டுக்கு 100இல் வந்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. பேர்த்த மண்ணைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். முன் சக்கரம் ஒன்றில் இருந்தது மட்டும் 210 கிராம். ஒரு குவளைத் தண்ணீர் அளவுகூட இல்லை.

இந்த 210 கிராமா என்னை உதறியது என்று கணக்குப் பார்த்தேன். (பள்ளியில் இயற்பியலை வெறுத்தவள் நான்.) நம் ஊர்ச் சிறிய கார்களின் சக்கரம், 90 கிலோமீட்டர் வேகத்தில், வினாடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் ரிம்மின் ஒரு பக்கத்தில் ஒட்டிய 200 கிராம் மண், ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று திசை மாறி மாறி இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். தோட்டத்துப் பாதையில் ஒன்றும் தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஆட்டியதற்குக் காரணம் இதுதான். டயர் கடையில் பேலன்சிங் செய்யும்போது 10, 20 கிராம் ஈயத்துண்டுக்கே அத்தனை பாடுபடுகிறார்கள். நான் அதைப்போல பத்து மடங்கைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

சரி, மண் ஏன் ஒரே பக்கத்தில் சேர்ந்தது? இதற்கு விடை கனடாவிலிருந்து வந்தது. டொரொன்டோ பக்கம் ஸ்காபரோவில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எங்களுக்கு இது வருசா வருசம் நடக்கும்டி" என்று சிரித்தாள். அங்கே ரிம்முக்குள் அடைவது பனி. வண்டி ஓடி நின்றதும், பிரேக் சூட்டில் பனி கொஞ்சம் உருகிக் கீழே வழியும். இரவுக் குளிரில் அடிப்பக்கத்திலேயே ஐஸ் கட்டியாக உறையும். காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஸ்டியரிங் ஆடும். புதிதாகக் குடியேறியவர்கள் என்னைப் போலவே பட்டறைக்கு ஓடுவார்களாம். இங்கேயும் அதே கதைதான். ஈரச் சேறு இரவில் கீழே இறங்கி, காலை வெயிலில் அங்கேயே இறுகிவிடுகிறது. அவர்களுக்குக் குளிர் செய்வதை நமக்கு வெயில் செய்கிறது.

கார் ஆடியதோடு என் பிரச்சினை முடிந்தது. சின்னம்மாவின் பேரன் விஷயத்தில் அப்படி முடியவில்லை. ஈஜோக்கில் தொழிற்சாலை வேலைக்கு மோட்டாரில் போகிறவன். புல்லும் நாரும் கலந்த களி, முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பினான். தார்ச்சாலைக்கு வந்து வேகம் எடுத்ததும் சக்கரம் பிடித்துக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தான். "யாரோ புடிச்சு நிறுத்துன மாதிரி இருந்துச்சு அக்கா" என்றான். பின்னால் லாரி எதுவும் வராதது அவன் அதிர்ஷ்டம். இப்போது மட்கார்டைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டியிருக்கிறான். விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான்.

அப்பாவிடம் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டி வந்த உடனே ரிம்முக்குள் கைவிடக் கூடாது. பிரேக் தட்டு சுடும். சூடு ஆறுமுன் குளிர்ந்த நீரும் பாய்ச்சக் கூடாது. சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவுவது சுலபம். காய்ந்துவிட்டால் மரக்கம்புதான் நல்லது, இரும்பு வேண்டாம். ஏனென்றால் பல ரிம்களில் பேலன்சிங் ஈயத்துண்டு உள்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். மண்ணோடு அதையும் பெயர்த்துவிட்டால் நடுக்கம் நிரந்தரமாகிவிடும். கழுவிய பிறகு மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நாலு முறை லேசாக மிதித்து உலரவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஆடினால், அப்போது பட்டறைக்குப் போகலாம்.

அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நான் சிறுமியாக இருந்தபோது, பட்டணத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும், தோட்டச் சந்திப்பில் இருந்த குழாயடியில் எங்கள் பழைய காரை நிறுத்திச் சக்கரங்களைக் கழுவுவார். கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டாலும் விடமாட்டார். பட்டுப்பாவாடையோடு காருக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தோட்டத்து மண்ணோடு போய் நின்றால் பட்டணத்துச் சொந்தக்காரர்கள் கேவலமாகப் பார்ப்பார்கள், அந்தக் கூச்சத்தில்தான் கழுவுகிறார் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு.

மாவுத் தராசைப் பார்த்த அன்று இரவு அவரிடமே கேட்டேன்.

"லாரியில ரெட்டைச் சக்கரத்துக்கு நடுவுல கல்லு சிக்கும்மா. தார் ரோட்டுல வேகம் புடிச்சா அது தெறிக்கும். பின்னால வர்றவன் கண்ணாடியில அடிக்கும், மோட்டார்காரன்னா மூஞ்சியிலேயே அடிக்கும். அந்தப் பழக்கந்தான் நம்ம காடிக்கும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கூச்சமும் இருந்துச்சுதான்" என்றார்.

போன மாதம் மறுபடி அங்கே போனேன். சந்திப்பில் அந்தக் குழாய் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. சின்னம்மாவின் பேரன் வீட்டுக் குழாயிலிருந்து வாசல்வரை ரப்பர் குழாய் இழுத்துப் போட்டிருக்கிறான். மழை நாளில் அக்கம்பக்கத்து மோட்டார்கள் அங்கே வரிசை பிடிக்கின்றன. தண்ணீர்க் கட்டணம் ஏறிப்போச்சு என்று சின்னம்மா முணுமுணுத்தார். குழாயை மூடச் சொல்லவில்லை.