பழைய கஞ்சில் வாங்கப் போகிறீர்களா?

சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான் என்று கேட்டதும் பலருக்குக் கஞ்சில் மீது ஆசை வந்துவிடுகிறது. கணக்கு சரிதான். தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரையிலான சொந்தக் கார்களுக்கு அவ்வளவுதான் வரி. கஞ்சிலின் மூன்று சிலிண்டர் என்ஜினோ வெறும் 660 சிசி. 850 சிசி ரகமும் உண்டு. பெட்ரோல் செலவும் குறைவு.

ஆனால், 1994இல் பெரோடுவா அறிமுகப்படுத்திய இந்தக் காரின் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் கஞ்சில் எதுவானாலும் 15 வயதைத் தாண்டியதுதான். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வாங்கும் பெற்றோர், புதுச் சாயத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். துருவேறிய நீர், வெடித்த ரப்பர் குழாய், சுழலாத விசிறி, இவற்றில் ஒன்றே போதும். என்ஜின் கொதித்து கேஸ்கெட் போய்விட்டால், பல ஆண்டு சாலை வரியில் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும். சூடு காட்டும் முள் ஏறினால், "வீடுதான் பக்கத்தில் இருக்கிறதே" என்று ஓட்டவே கூடாது. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

அடுத்தது டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பது விற்பவருக்கே தெரியவில்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவையும் கழித்து விலை பேசுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் என்ஜின் அங்கேயே நின்றுவிடும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது பணக் கணக்கு மட்டுமல்ல. காற்றுப் பை இல்லாத கார் இது.