ரிப்போர்ட் அடிக்க வேர்ட் மட்டும்தானா?

போன செமஸ்டரில் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு, கங்கைகொண்டானில் எங்க வீட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஃபைலைத் திறந்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மூணாவது சாப்டர் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. அதன் தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. தமிழ்ச் சுருக்கத்தைப் பழைய பாமினி ஃபாண்டில் அடித்திருந்தேன். அந்த ஃபாண்ட் அங்கே இல்லாததால் முழுக்க இங்கிலீஷ் எழுத்தாகக் கிடந்தது. "தம்பி, பிடிஎஃப்பா கொண்டாந்திருக்கலாம்லா" என்றார் அண்ணன். நியாயம்தான்.

ஆனா பிடிஎஃப் தீர்க்காத தலைவலி ஒண்ணு அதுக்கு முந்தின ராத்திரியே வந்திருந்தது. கைடு ரெண்டாவது சாப்டரில் ஒரு படம் சேர்க்கச் சொன்னார். அதுக்குப் பின்னால் வரும் எல்லாப் படங்களின் எண்ணும், "படம் 9 பார்க்க" என்று நான் எழுதின ஒவ்வொரு இடமும் கையாலேயே மாறணும். வேர்டிலும் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கு, மறைக்கல. ஆனா நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கோம்?

அப்போதான் லேடெக் பக்கம் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது என்ன செய்வோம்? பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்த நேரம், மண்டபம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். எது பெருசா வரணும், எது நடுவில் வரணும் என்பதை அச்சகக்காரர் பார்த்துக்குவார். லேடெக்கும் அப்படித்தான். "இது சாப்டர் தலைப்பு", "இது படம், இதுக்குப் பேர் மோட்டார்" என்று குறித்து வைத்தால் போதும். எண் போடுவது, பொருளடக்கம், பக்க அமைப்பு எல்லாம் அதன் வேலை. நடுவில் பத்து படம் சேர்த்தாலும் இன்னொரு தடவை ரன் பண்ணினா எல்லாம் சரியாயிடும்.

இதுக்கு அடிப்படையான டெக் என்ற மென்பொருளை எழுதியவர் டொனால்ட் கனுத். 1977ல் தன் புத்தகத்தின் புது அச்சுப் படிகள் அசிங்கமாக வந்ததைப் பார்த்து, நானே ஒண்ணு செய்றேன் என்று இறங்கினார். சீக்கிரம் முடியும்னு நினைத்த வேலை பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. (நம்ம அரியர் மாதிரி.) அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லேடெக்.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நாகர்கோவிலைத் தாண்டினா வரும் திருவனந்தபுரத்தில் சி. வி. ராதாகிருஷ்ணனின் ரிவர் வேலி டெக்னாலஜிஸ், வெளிநாட்டு அறிவியல் இதழ்களையே டெக்கில் பக்கம் கட்டிக் கொடுத்தது. உலக டெக் பயனர்களின் வருடாந்திர மாநாடு 2002 செப்டம்பரில் அதே ஊரில்தான் நடந்தது. ரயில் ஏறினா அரை நாளில் போய்ச் சேரும் ஊர். எனக்கு இது ஃபைனல் இயரில்தான் தெரிய வருது!

தமிழ் வருமா? நல்லாவே வரும். ஜோனதன் கியூ எழுதிய ஸீடெக் 2004ல் வந்ததிலிருந்து யூனிகோடில் நேராகத் தமிழ் அடிக்கலாம். நம்ம சொற்கள் நீளம் என்பதால் வரியின் இரு ஓரத்தையும் சமமாக்கும்போது வேர்டில் பெரிய பெரிய இடைவெளி விழும். டெக் ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் பத்தி முழுவதையும் கணக்குப் போட்டு வரி பிரிக்கும். தேவைப்பட்டால் சொல்லையும் சரியான இடத்தில் உடைக்கும். தமிழ்ச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற விதிகளை எழுதிக் கொடுத்தவர் சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மலையாளி. நாம செய்திருக்க வேண்டிய வேலை!

கஷ்டமும் உண்டு. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தா ஏதோ ஒரு வரியில் எரர் காட்டும், தப்பு வேற எங்கேயோ இருக்கும். பெரிய டேபிள் போடுவதற்குள் அழுகை வரும். கைடு வேர்ட் ஃபைல்தான் வேணும்னா வேற வழியில்லை. ரெண்டு பக்க லீவ் லெட்டருக்கு லேடெக் எடுப்பவன் நிச்சயம் சீன் போடுறான்.

ஆனா ஃபைல் வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்; யூனிகோடில் அடித்தால் தமிழும் அப்படியே இருக்கும். என் பாமினி சுருக்கத்தை இப்போ நான் முதலிலிருந்து திரும்ப அடிச்சிட்டிருக்கேன்.

முயற்சி பண்ண ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஓவர்லீஃப் தளத்தில் இலவச அக்கவுண்ட் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: செட்டிங்கில் கம்பைலரை ஸீலேடெக் என்று மாத்தி, ஒரு யூனிகோட் தமிழ் ஃபாண்டையும் குறிப்பிடுங்க. இல்லாட்டி தமிழ் வராது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போச்சு.