காளி இறந்த நாவலும் காளி பிழைத்த நாவலும்

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் நம் மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவுகளுக்குப் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தன்னார்வலர்களுள் நானும் ஒருத்தி. மாமல்லபுரத்தில் வீடு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பலரும் என்னை ‘டீச்சரம்மா’ என்றே அழைக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துச் சென்றார். கட்டிலில் இருந்தவர் அவருடைய கணவர். “டீச்சரம்மா, அவருக்கு என்ன நோய்னு அவருக்குத் தெரியாது. வயித்துல புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம். பேச்சுவாக்குல நீங்க எதுவும் சொல்லிடாதீங்க” என்றார். நான் தலையசைத்தேன். பிறகு அவர், “ராத்திரில தூக்கம் வரல. பெரிய கதையா ஏதாவது குடுங்க” என்று கேட்டார். (அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

அன்று வண்டியில் இருந்த பெரிய கதை பெருமாள்முருகனின் ‘ஆலவாயன்’. கணவனை இழந்த பெண்ணின் கதை. அதை அவர் கையில் கொடுக்கலாமா என்று நான் தயங்கியது உண்மை. பின்னட்டையைப் படித்துவிட்டு அவரே எடுத்துக்கொண்டார்.

‘ஆலவாய’னைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ‘மாதொருபாக’னிலிருந்து தொடங்க வேண்டும். 2010இல் வெளிவந்த அந்நாவலின் களம் விடுதலைக்கு முந்தைய திருச்செங்கோட்டு வட்டாரம். காளி, பொன்னா இருவருக்கும் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. ஊராரின் ஏச்சு ஒருபுறம், இருவருக்கும் இடையிலான தீராத அன்பு மறுபுறம். தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், குழந்தையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஓர் ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்னும் வழக்கம் நாவலில் பேசப்படுகிறது. காளிக்கு அதில் இசைவில்லை. ஆனால் குடும்பத்தார் பொன்னாவிடம் அவன் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லி அவளைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அவளுடைய அண்ணன் முத்து, தன் உயிர் நண்பனான காளியை வேறிடத்துக்குக் கூட்டிச் சென்று குடிக்க வைக்கிறான். வீடு திரும்பிய காளி உண்மையை உணரும் இடத்தில், அவன் என்ன ஆனான் என்று சொல்லாமலே நாவல் முடிகிறது.

இதில் வில்லன் என்று எவரும் இல்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொய் சொன்னவர்கள் அனைவரும் அவ்விருவரின் நன்மையை எண்ணியே சொன்னார்கள். தாய், தந்தை, அண்ணன், எல்லாரும் உறவுதான். ‘அவனுக்குத் தெரிய வேண்டாம்’ என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. இந்தச் சொற்றொடரை நான் இம்மருத்துவமனையின் வராந்தாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

2014இல் பெருமாள்முருகன் இக்கதைக்கு இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றொன்றில் பிழைத்துக்கொள்கிறான். முதலாவது ‘ஆலவாயன்’, இரண்டாவது ‘அர்த்தநாரி’. ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி அன்று. ஒரே கிளையிலிருந்து இரண்டு திசைகளில் பிரிபவை. ‘மாதொருபாகன்’ மீது எழுந்த எதிர்ப்பும், 2015 சனவரியில் எழுத்தாளனாகிய தாம் இறந்துவிட்டதாக அவர் அறிவித்ததும், 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுதலாம் என்று தீர்ப்புரைத்ததும் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டன. அந்த ஆரவாரத்தில் இவ்விரு நாவல்களும் உரிய கவனம் பெறாமல் போயின என்பது என் வருத்தம்.

‘ஆலவாய’னில் திருவிழாவிலிருந்து திரும்பும் பொன்னா, காளி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்பதை அறிகிறாள். அவள் துக்கம் வெறும் அழுகையாக இல்லை. இவ்வளவு அன்பு காட்டியவன் இவ்வளவு கொடிய தண்டனையைத் தந்துவிட்டானே என்ற கோபமும் அதில் கலந்திருக்கிறது. அவனோடு மகிழ்ந்திருந்த நாள்களின் நினைவு அவளைத் துரத்துகிறது. அவனிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி ‘நீ சம்மதித்தாய் என்றார்களே, உண்மையா?’ என்பதுதான். அதற்கு விடை தரக்கூடியவன் போய்விட்டான். இதற்கிடையில் அவள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. குடும்பத்துக்குள் அடங்கிக் கிடந்த இரகசியத்துக்கு இப்போது வயிறு வளர்கிறது. அவளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் இரண்டு பெண்கள்: பெற்ற தாயும், மகனை இழந்த மாமியார் சீராயியும். சீராயியைப் போன்ற மாமியாரைத் தமிழ் நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடிருக்கிறான். ஆனால் பொன்னாவிடம் பேச மறுக்கிறான். தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும் அவளோ மனம் கொதித்துப்போகிறாள். ஒருவரை ஒருவர் பார்க்கும் தொலைவில் இருந்தும் அந்த ஒரே கேள்வி கேட்கப்படாமல் நாள்கள் நகர்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: ஒன்றில் பேச முடியாத மௌனம், மற்றொன்றில் பேச முடிந்தும் பேசாத மௌனம். முன்னதை மருத்துவமும் மாற்ற இயலாது.

நோய்ப்படுக்கையைச் சுற்றி நிகழும் இந்த மௌனத்தை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்களான பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராசும் சான் பிரான்சிஸ்கோ பகுதியின் மருத்துவமனைகளில் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளையும் அவர்களைச் சூழ்ந்திருந்தோரையும் நீண்ட காலம் கவனித்து 1965இல் ஒரு நூல் எழுதினார்கள். நோயாளிக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும் நிலை ஒன்று. நோயாளி ஐயுறத் தொடங்கும் நிலை மற்றொன்று. எல்லாரும் அறிந்து வெளிப்படையாகப் பேசும் நிலை இன்னொன்று. இவற்றோடு அவர்கள் குறிப்பிட்ட மற்றொரு நிலைதான் என்னை நிறுத்தியது: இரு தரப்புக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்பதுபோல் இருவரும் நடிக்கிறார்கள்.

அது என் வீட்டில் நடந்தது. என் கணவர் கற்சிற்பி. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்காத தெரு அரிது. அவற்றுள் ஒரு பட்டறை அவருடையது. நுரையீரலில் புற்று என்று மருத்துவர் என்னிடமும் மகனிடமும் சொன்னார். நாங்கள் அவரிடம் ‘கல் தூசியால் சளி கட்டியிருக்கிறது’ என்றோம். அவரும் ‘சரி’ என்றார். ஏழு மாதங்கள் அந்தச் சளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கஷாயம் வைத்தேன். அவரும் குடித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பட்டறையைக் காலி செய்தோம். அவருடைய அளவுக் குறிப்பேடு கிடைத்தது. யார் எந்தச் சிலை கேட்டார்கள், எத்தனை அடி, எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் ஐந்து பெயர்களுக்கு எதிரே ‘திருப்பிக் கொடுத்தாயிற்று’ என்று எழுதித் தேதி போட்டிருந்தார். முதல் தேதி, எங்களிடம் மருத்துவர் பேசியதற்கு நான்காம் நாள். முடிக்க முடியாது என்று தெரிந்த வேலைகளுக்கு வாங்கிய பணத்தை ஒவ்வொன்றாகத் திருப்பியிருக்கிறார். ஆறாவது பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். பணம் கொடுத்திருந்த பெரியவர் அதை வாங்க மறுத்துவிட்டார். “அவரே வந்து சொல்லிட்டுப் போனாரம்மா. இன்னும் ஆறு மாசம்தான் இருப்பேன், வேற ஆளப் பாத்துக்கோங்கன்னார். வீட்டுல தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னும் சொன்னார்.”

என்னால் சொல்ல முடியாததை அவர் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறார். அன்று பேருந்தில் வந்தது அழுகை அன்று, கோபம். அவர்மேல் கோபம், என்மேல் கோபம், மருத்துவரின் அறைக்கு வெளியே ‘அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்’ என்று முதலில் சொன்ன மகன்மேலும் கோபம். இறந்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்று எண்ணி அதையும் எவரிடமும் சொல்லவில்லை. பொன்னாவின் கோபத்தைப் படித்தபோதுதான் முதல்முறையாக அதற்கு ஒரு துணை கிடைத்தது.

துணையை இழந்தவர்கள் இப்படி மறைப்பவை பல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் தம் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் உரையாடி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ அவரைக் கண்டதாகவோ குரலைக் கேட்டதாகவோ கூறினார்கள். பெரும்பாலோர் அதற்கு முன்பு அதை வேறு எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பித்து என்பார்கள் என்ற அச்சம். அது பித்து அன்று. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது என்று ரீஸ் எழுதினார். எனக்கும் விடியற்காலையில் சிலநாள் உளிச் சத்தம் கேட்டதுண்டு. எங்கள் தெருவில் அது உண்மையான உளியாகவும் இருந்திருக்கலாம்.

ஆயினும் எல்லாத் துக்கமும் தானே ஆறிவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, நீடித்த துக்கத்தைத் தனி நோய்நிலையாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதங்களைக் கடந்தும், அவரவர் சமூக வழக்கத்துக்கு மிஞ்சியும், ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதபடி முடக்குமானால் மருத்துவ உதவி தேவை. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால் ஆறு மாதம், ஒரு நாள் என்ற கணக்கே கிடையாது; உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். இரவு, பகல் எந்நேரமும் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 என்னும் எண்ணிலும் தமிழில் பேசலாம்.

நோயாளியிடம் அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. சிலர் உண்மையாகவே அறிய விரும்புவதில்லை. ‘என் மகளிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்’ என்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் வேண்டாம் என்று அவர்கள்தாம் சொல்ல வேண்டும், அவர்களுக்காக நாம் அன்று. கடினமான செய்தியைச் சொல்வதற்கென மருத்துவர்கள் பயிலும் முறை ஒன்று உண்டு. அதில் செய்தியைச் சொல்லும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு இடமுண்டு: உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? இக்கேள்விகளை எங்கள் முன்னிலையில் அவரிடம் கேளுங்கள் என்று உடனிருப்போர் மருத்துவரிடம் வேண்டலாம். எனக்கு அப்போது இது தெரியாது.

அந்தக் குப்பத்துப் பெண் ‘ஆலவாய’னைப் பாதி படித்திருந்தபோது மீண்டும் சந்தித்தேன். என் குறிப்பேட்டுக் கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டு ஆம்பளையக் கடலுக்கு அனுப்பக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. சண்டையா இருந்தாலும் கரையிலயே பேசித் தீத்துடணும்பாங்க” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்தபோது அவர்களுடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே மருத்துவர் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது திரைக்குக் கீழே தெரிந்த காலணிகளால் புலப்பட்டது. கட்டிலில் இருந்தவர் மெல்லிய குரலில், ஆனால் தெளிவாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. வண்டியின் சக்கரம் கிறீச்சிடும் என்பதால் அதைச் சற்றே தூக்கிப் பிடித்தவாறு அடுத்த பிரிவுக்குத் தள்ளிச் சென்றேன்.

‘ஆலவாயன்’ இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ‘அர்த்தநாரி’ வண்டியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. வேண்டுவோர் செவ்வாய்க்கிழமை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.