அமினோ அமிலமும் ஆண் ஹார்மோனும்



உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சில அமினோ அமிலங்களைப் பொடியாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால், டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோன் பெருகும். தசையும் வலிமையும் வளரும் என்பதே அந்நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமினோ அமிலங்கள் புரதம் என்னும் மாளிகையின் செங்கற்கள். இன்சுலின் போன்ற சில ஹார்மோன்களும் அவற்றால் ஆனவையே. ஆனால் டெஸ்டோஸ்டீரோன் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளிலிருந்து பிறப்பது. 1935-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் எர்னஸ்ட் லாக்கூர் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பூட்டெனாண்ட், ருஷிச்கா ஆகிய இருவரும் தனித்தனியே கொலஸ்டிராலைக் கொண்டே அதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினர். ஆகவே, செங்கல்லை மிகுதியாகக் குவிப்பதனால் மட்டும் இந்த ஹார்மோன் பெருகிவிடாது.

அப்படியாயின் அதன் அளவை நிர்ணயிப்பது எது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் நாளமில்லாச் சுரப்பி ஒரு தூண்டுநீரை இரத்தத்தில் விடுகிறது. அதன் கட்டளைப்படி விரைகள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அது போதிய அளவை எட்டியதும் மூளை அதனை உணர்ந்து, கட்டளையைக் குறைத்துவிடுகிறது. தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டைத் தூண்டக்கூடும் என்று கருதப்பட்ட அமினோ அமிலம் ஒன்று உண்டு. அதன் பெயர் டி-அஸ்பார்ட்டிக் அமிலம். அது பிட்யூட்டரியிலும் விரைகளிலும் இயற்கையாகவே காணப்படுவதால், அக்கருத்து ஆதாரமற்றதன்று. 2009-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 23 ஆண்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 3 கிராம் வீதம் 12 நாட்கள் அதனைக் கொடுத்தனர். டெஸ்டோஸ்டீரோன் சராசரியாக 42 சதவிகிதம் உயர்ந்ததாக அறிவித்தனர். விளம்பரங்களுக்கு இது ஒன்றே போதுமாயிற்று.

ஆனால் விஞ்ஞானத்திற்கு ஒரு சோதனை போதாது. 2013-இல் அமெரிக்காவில், எடைப்பயிற்சி செய்யும் ஆண்களுக்கு அதே 3 கிராமை 28 நாட்கள் கொடுத்தனர். ஹார்மோனில் மாறுதல் எதுவும் இல்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் 3 கிராம் பயன் தரவில்லை. 6 கிராம் உண்டவர்களுக்கோ டெஸ்டோஸ்டீரோன் குறைந்தே போயிற்று! மிகுதியாக உண்டால் மிகுதியாகப் பயன் கிட்டும் என்னும் கணக்கு உடலிடம் செல்லாது என்பதற்கு இது சான்று.

பொடியை உண்டபின் புதுவலிமை பெற்றதாகக் கூறுவோர் பொய்யர்களா? அல்லர். 1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தமது எழுபத்திரண்டாம் வயதில், விலங்குகளின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். டெஸ்டோஸ்டீரோன் நீரில் எளிதில் கரையாதது. ஆகவே அந்தச் சாற்றில் அது இருந்திருக்கக்கூடிய அளவு மிக மிக அற்பம். அவரை ஊக்கியது எதிர்பார்ப்பே எனலாம். இதனாலேயே இன்றைய சோதனைகளில் ஒரு சாராருக்கு மருந்தற்ற பொடியைக் கொடுத்து ஒப்பிடுகின்றனர்.

இனி, ஹார்மோனை நலமாக வைத்திருப்பவை யாவை? முதலாவது, உறக்கம். 2011-இல் வெளியான சிக்காகோ ஆய்வொன்றில், இளைஞர் பத்துப் பேர் ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கினர். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டீரோன் 10 முதல் 15 சதவிகிதம் வரை குறைந்தது. இரண்டாவது, உடல் எடை. மிகுந்த பருமன் இந்த ஹார்மோனைக் குறைக்கும். எடை குறைந்தால் அது உயரும். மூன்றாவது, போதிய உணவு. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலேயே நமக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் இருக்கின்றன.

மற்றோர் அபாயத்தையும் கூறவேண்டும். பொடியில் பயன் காணாத சிலர், மருத்துவரின் மேற்பார்வையின்றி டெஸ்டோஸ்டீரோன் ஊசியையே நாடுகின்றனர். அப்போது தொட்டி நிறைந்துவிட்டதென்று மூளை கருதி, கட்டளையை நிறுத்திவிடும், விரைகள் சுருங்கும், விந்தணுக்கள் குறைந்து, பிள்ளைப்பேறே தடைப்படலாம். மெய்யாகவே குறைபாடு இருப்பதாக ஐயுறுவோர் நாணமின்றி மருத்துவரை அணுகவேண்டும். காலைவேளையில், ஒரு முறைக்கு மேல் செய்யும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் கூறிவிடும்.

நண்பர்களே, ஒரு பொருளின் பெருமையை யாரேனும் எடுத்துரைத்தால், எத்தனை பேரிடம், எத்தனை நாட்கள், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அமினோ அமிலப் பொடியைப் பொறுத்தவரை, இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை உங்கள் பணத்தையும் உடலையும் ஒருங்கே காக்கும்.