மெக்வீனின் வயிற்றில் ஒரு காந்தம்

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் பேரனுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாராம். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தடம், கைப்பிடிகள் இரண்டு, 'கார்ஸ்' படத்தின் லைட்னிங் மெக்வீன், அவனுக்குப் போட்டியாக ஜாக்சன் ஸ்டார்ம். "ஸ்டீயரிங்கே இல்லையே சார், இதில் பிள்ளை கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? முதல் வாரம் பறந்த கார் இப்போது ஏன் விக்கி விக்கிப் போகிறது?" என்று கேட்கிறார். இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பல நாளாக ஆசை.

இதற்கு ஸ்லாட் கார் என்று பெயர். தடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு காடி. காடியின் இரு ஓரமும் உலோகப் பட்டைகள். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு காடிக்குள் இறங்கி நிற்கும். அதையொட்டி இரண்டு செம்புப் பின்னல்கள் பட்டைகளை உரசி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றும். கன்ட்ரோலரின் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். பங்காருபேட்டை ஜங்ஷனில் ரயில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கினால் கோபம் வரும். 1902-லேயே சிவனசமுத்திரத்து அருவி மின்சாரம் தங்கச் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்த வட்டாரம் இது.

இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் சுருள்வில்லில் ஓடும் தகரக் கார்களை விற்றுக்கொண்டிருந்தார். அவற்றுக்குள் மின்மோட்டார் வைத்து, 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று இறக்கினார். 1963-இல் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் கரேரா பிறந்தது. பிக்ஸார் படத்துக் கார்களைத் தடத்தில் ஏற்றிய கம்பெனிகளில் கரேரா முக்கியமானது. 1:43 அளவில் 'கோ' என்ற வரிசையும், சின்னப் பிள்ளைகளுக்கு பேட்டரியில் மெதுவாக ஓடும் 'ஃபர்ஸ்ட்' என்ற வரிசையும் அவர்களுடையவை. வாசகர் வீட்டுக்கு வந்தது எதுவென்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும்.

2006-இல் வந்த 'கார்ஸ்' படத்தில் இயக்குநர் ஜான் லாஸ்செட்டர் கார்களின் கண்ணை ஹெட்லைட்டில் வைக்காமல் முன்கண்ணாடியில் வைத்தார். அதற்கு முன்மாதிரி 1952-இல் டிஸ்னி எடுத்த சூஸி என்ற நீலக் காரின் குறும்படம். சாதாரண ஸ்லாட் காருக்குள் ஹெல்மெட் போட்ட டிரைவர் பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கும். மெக்வீனுக்குள் யாரும் வேண்டாம். கண்ணே கண்ணாடியை அடைத்துக்கொள்கிறது. மெக்வீன் என்பது 2002-இல் இறந்துபோன பிக்ஸார் அனிமேட்டர் கிளென் மெக்வீனின் பெயர். கதவில் இருக்கும் 95, 'டாய் ஸ்டோரி' வெளியான ஆண்டு. பேரனுக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். தாத்தாக்களுக்காகச் சொன்னேன்.

அந்தப் படத்தில் டாக் ஹட்சன் என்ற கிழட்டுக் கார் மெக்வீனுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுக்கும். மண் தடத்தில் இடப்பக்கம் வளைய வேண்டுமானால் சக்கரத்தை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மெக்வீன் நம்ப மாட்டான், கள்ளிச்செடிக்குள் விழுவான். விஷயம் என்னவென்றால், வேகமாக வளையும்போது காரின் பின்பக்கம் வெளியே வழுக்கும். அந்த வழுக்கலுக்குப் பயந்து பிரேக்கை மிதித்தால் கார் சுழன்றுவிடும். அதோடு இசைந்து முன்சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தால் வளைந்துவிடும். டாக் ஹட்சனின் அச்சு 1951-ஆம் வருட ஹட்சன் ஹார்னெட். நிஜ வாழ்க்கையிலும் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாஸ்கார் பந்தயங்களைக் கலக்கிய கார் அது. அன்றைய மற்ற பல கார்களில் தரைப்பலகை சட்டத்துக்கு மேலே இருக்க, ஹார்னெட்டில் சட்டத்துக்கு உள்ளேயே இறங்கியிருந்தது. எடை தாழ்ந்திருந்ததால் வளைவில் அதிகம் சாயாது.

இப்போது மேஜை மேல் இருக்கும் பொம்மையைப் பாருங்கள். நாக்கு மூக்குக்கு அடியில் மட்டும்தான். பின்சக்கரங்களை எதுவும் பிடித்திருக்கவில்லை. ரயில் பெட்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் தண்டவாளம் பிடித்துவைத்திருப்பதால் அது பக்கவாட்டில் வழுக்கவே முடியாது. ஸ்லாட் காரோ மூக்கை ஊன்றிக்கொண்டு வாலை வீசும். நாக்கு அச்சில் சுழலக்கூடியதாக இருப்பதால், வால் எவ்வளவு வெளியே போனாலும் நாக்கு காடியின் திசையைப் பார்த்தே நிற்கும். மெக்வீன் கற்றுக்கொண்ட அந்தத் திருப்பிப் பிடித்தலை நாக்கு தானாகவே செய்கிறது. பிள்ளையின் விரலுக்கு மிஞ்சும் வேலை, வால் எந்த இடத்தில் அடங்கும், எந்த இடத்தில் மீறி காடியை விட்டே பிய்த்துக்கொண்டு பறக்கும் என்று கணிப்பது. வாசகர் ஸ்டீயரிங் இல்லை என்கிறார். விரல்தான் ஸ்டீயரிங்.

இந்த விளையாட்டை ஒரு காந்தம் கெடுத்தது. தடத்துப் பட்டைகள் எஃகு. காரின் அடிவயிற்றில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிவிட்டால் பட்டை காரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 1970-களில் அமெரிக்காவின் அரோரா கம்பெனி மோட்டாரின் காந்தத்தையே தடத்தின் அருகே வரை நீட்டி, 'மேக்னாட்ராக்ஷன்' என்று பெயர் வைத்து விற்றது. பிறகு இது வழக்கமாகிவிட்டது. காந்தம் இருந்தால் விசையை முழுக்க அழுத்தியபடி பெரும்பாலான வளைவுகளைக் கடந்துவிடலாம். குழந்தை அழாது, பெற்றோருக்கு நிம்மதி, கடைக்காரருக்கும் நிம்மதி. ஆனால் வால் வீசாது. டாக் ஹட்சன் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் மெக்வீன் பொம்மையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தை விற்றுப் பாடத்தை மறைத்த மாதிரி. காந்தம் திருகாணி போட்டோ சொருகியோ இருக்கும் மாடல்களில் அதைக் கழற்றிவிடலாம். கழற்றிய முதல் நாள் பேரன் அழுவான், அழட்டும். கழற்றிய காந்தத்தைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து.

சில செட்களில் விசையை விட்டால் கார் சட்டென்று நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். நல்ல கன்ட்ரோலரிலிருந்து மூன்று வயர் வரும். மூன்றாவது வயர் பிரேக். விரலை எடுத்ததும் அது இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. உருண்டுகொண்டிருக்கும் சக்கரம் அப்போது மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் டைனமோவாக மாறி, தான் உண்டாக்கிய மின்சாரத்தாலேயே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. ஜங்ஷனில் வந்து நிற்கும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினும் இப்படித்தான் வேகத்தைக் குறைக்கும். எஞ்சின் அந்த மின்சாரத்தை மேலே கம்பிக்கே திருப்பிக் கொடுக்கிறது, பொம்மையில் அது சூடாகி வீணாகிறது. மலிவான செட்களில் இந்த மூன்றாவது வயர் இருக்காது. அங்கே கார் உருண்டு உருண்டு தானாக ஓய வேண்டும்.

இனி விக்கலுக்கு வருவோம். பதில் சயனைடு மேட்டிலிருந்து வருகிறது. காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தங்கச் சுரங்கக் கழிவுமேட்டின் புழுதி ராபர்ட்சன்பேட்டையில் எந்த ஜன்னலையும் விடாது. மாவு போன்ற அந்தப் பொடி பட்டைகளில் படிந்தால் மின்சாரம் விட்டு விட்டு ஏறும். உலர்ந்த துணியால் பட்டைகளைத் துடையுங்கள். செம்புப் பின்னல் நசுங்கியிருந்தால் குண்டூசியால் இழைகளைப் பிரித்துக் கொஞ்சம் கீழே வளைத்துவிடுங்கள். டயரை ஈரத் துணியில் உருட்டுங்கள். அச்சில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். மோட்டாருக்குள் விடவே கூடாது. பின்னல் தேய்ந்துபோனால் அது மட்டும் தனியாக விற்கிறது. ஒரு பின்னல் நசுங்கியதற்காக முழுப் பெட்டியையும் பரண் மேல் ஏற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணும் வாயும் இருக்கும் பொம்மை என்பதால் மெக்வீன் மட்டும் ஷோகேஸில் நிற்பான், தடம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். மோட்டாரே இல்லாத தகரக் காரை வாங்கி வைத்திருந்தால் செலவாவது குறைந்திருக்கும்.

பெட்டித் தடத்தை நம்பாமல் சொந்தமாகத் தடம் செய்துகொள்ளும் வழியும் உண்டு. கதவு ஜன்னல் செய்யும் தச்சர்களிடம் ரூட்டர் மெஷின் இருக்கிறது. எம்.டி.எஃப். பலகையில் 3 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழத்தில் காடி எடுக்க அவர்களுக்கு அரைநாள் வேலை. காடியின் இரு ஓரமும் பசையுள்ள செம்பு நாடா ஒட்ட வேண்டும். நாடாவுக்குக் காலை ரயிலில் பெங்களூரு போகிறவர்களிடம் சொல்லி எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். பெட்டியில் வந்த இணைப்புத் துண்டின் பட்டைகளிலிருந்து வயர் இழுத்து நாடாவில் பற்றவைத்தால் பழைய அடாப்டரும் கன்ட்ரோலரும் அப்படியே வேலை செய்யும். வீட்டு மின்சாரத்தை நேராக எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. செம்பைக் காந்தம் இழுக்காது என்பதால் இந்தப் பலகையில் காந்தத்தைக் கழற்றும் வேலையும் மிச்சம். இரண்டு காடிக்கும் நடுவே 8 சென்டிமீட்டராவது விடச் சொல்லுங்கள். குறைத்தால் மெக்வீன் வாலை வீசும்போது ஸ்டார்மையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.