உங்களுக்குத் தெரியுமா? ஊசியைக் கண்டால் ஏன் மயக்கம்?

தடுப்பூசி போடத் தயங்குகிற பலருக்குள் இருப்பது ஊசிப் பயம்தான். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதிலோ சிலருக்கு ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருண்டு மயக்கமே வந்துவிடும். கோழைத்தனம் என்று தயவுசெய்து யாரும் கேலி செய்யாதீர்கள். அது உடம்பின் அனிச்சைச் செயல்.

இதற்கென்றே ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகம் சூடாகும்வரை இறுக்குங்கள். 20, 30 விநாடி இயல்பாக விடுங்கள். இப்படி 5 முறை. அழுத்தம் இறங்காமல் காக்க இது உதவும். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். தசை இறுகினால் வலி கூடும். முன்பு மயங்கியவர்கள் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம்.