உங்களுக்குத் தெரியுமா? கவர்னரையே ஓரங்கட்டும் ‘நம்பர் டூ’!

நம்ம ஊர்ப் பக்கம் துணைநிலை ஆளுநர் என்றால் புதுச்சேரியும் டெல்லியும்தான் நினைவுக்கு வரும். அவர்களை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கதையே வேறு. அங்கே லெப்டினன்ட் கவர்னர் மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர். பெயரளவில்தான் இரண்டாம் இடம். கவர்னரைப் பகைத்துக்கொண்டாலும் இவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த ஊர் அரசியல் பாடம். 1991 முதல் 1999 வரை அந்த நாற்காலியில் இருந்த பாப் புல்லக்கை மையமாக வைத்துச் சில தகவல்கள்.

● 31 பேர் கொண்ட டெக்சஸ் செனட்டுக்கு லெப்டினன்ட் கவர்னர்தான் தலைமை. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போக வேண்டும், அந்தக் குழுவுக்கு யார் தலைவர், அவையில் யாருக்குப் பேச வாய்ப்பு என்பதெல்லாம் இவர் கையில். இத்தனைக்கும் அங்கே சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதிகபட்சம் 140 நாள். பிடிக்காத மசோதாவை எதிர்த்துப் பேசக்கூட வேண்டாம், கொஞ்சம் தாமதப்படுத்தினாலே போதும், அதுவாகச் செத்துப்போகும்.

● இவ்வளவு அதிகாரத்துக்கும் சம்பளம் மாதம் 600 டாலர்! சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு என்னவோ அதுவேதான். கவர்னருக்கோ ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல்.

● புல்லக் பிறந்தது ஹில்ஸ்பரோ என்ற சிறிய ஊரில், 1929-ல். இருபதுகளிலேயே எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். 1972-ல் அவரை மாநிலக் காப்பீட்டு வாரியத்துக்கு அன்றைய கவர்னர் நியமித்தபோது, செனட் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பியது. பத்தொன்பது ஆண்டு கழித்து அதே செனட்டுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். பழைய கணக்கை அவர் மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

● நடுவில் 16 ஆண்டு அவர் வகித்தது கம்ப்ட்ரோலர் பதவி, அதாவது மாநிலத்தின் வரி வசூலுக்கும் வரவு செலவுக் கணக்குக்கும் பொறுப்பு. விற்பனை வரி பாக்கி வைத்த கடைகளுக்கு அதிகாரிகளை அனுப்பிக் கதவைப் பூட்டிவிடுவார். பத்திரிகைக்காரர்களுக்கும் முன்கூட்டியே சேதி போய்விடும். ஒரு கடை பூட்டப்படும் படம் மறுநாள் பேப்பரில் வந்தால், ஊரில் பாக்கி வைத்த மற்றவர்கள் தாமாகவே வந்து கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார். அந்தப் படைக்கு ‘புல்லக்ஸ் ரைடர்ஸ்’ என்றே பெயர் விழுந்தது.

● அமெரிக்காவில் மாநில வருமான வரி இல்லாத சில மாநிலங்களில் டெக்சஸும் ஒன்று. அங்கே ‘வருமான வரி’ என்று வாயைத் திறப்பது அரசியல் தற்கொலை. 1991-ல், பதவிக்கு வந்த கையோடு, அந்த வரி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார் புல்லக். எதிர்ப்பு கிளம்பியது. 1993-ல் என்ன செய்தார் தெரியுமா? மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெறாமல் வருமான வரி போடவே கூடாது என்ற அரசியல் சாசனத் திருத்தத்தை அவரே முன்னின்று கொண்டுவந்தார்! அதற்குப் பெயரே ‘புல்லக் திருத்தம்’. பல்டி என்று வைதவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்றவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் சுத்தமான பல்டிதான். ஆனால் அழகாக அடிக்கப்பட்ட பல்டி.

● டெக்சஸில் கவர்னருக்கும் லெப்டினன்ட் கவர்னருக்கும் தனித்தனி ஓட்டு. அதனால் இருவரும் வேறு வேறு கட்சியாக இருக்கலாம். 1995-ல் அதுதான் நடந்தது: குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கவர்னர், ஜனநாயகக் கட்சியின் புல்லக் நம்பர் டூ. அடித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் காத்திருக்க, வாராவாரம் கீழவைச் சபாநாயகரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்து மசோதாக்களைப் பேசி முடித்தார்கள். 1998 தேர்தலில் புல்லக் ஆதரித்தது தன் கட்சி வேட்பாளரை அல்ல, புஷ்ஷை. புஷ்ஷை எதிர்த்து நின்ற கேரி மவுரோ யார்? புல்லக்கிடம் வேலை பார்த்தவர். அதைவிட, மவுரோவின் ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனே புல்லக்தான்!

● 1996-ல் டெக்சஸைக் கடும் வறட்சி வாட்டியது. மறு ஆண்டே புல்லக் முன்னின்று நிறைவேற்றிய தண்ணீர்ச் சட்டம் மாநிலத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துக்காரர்களே எதிர்காலத் தண்ணீர்த் தேவைக்குத் திட்டம் போட வழி செய்தது. அந்த ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

● புல்லக்குக்கு முன்னால் இருந்தவர் பில் ஹாபி. 1973 முதல் 1991 வரை, 18 ஆண்டு! அவருடைய அப்பாவும் இதே பதவியில் இருந்தவர்தான். 1917-ல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் மீது பதவிநீக்கத் தீர்மானம் வர, அப்பா ஹாபி கவர்னரானார். அம்மா ஒவீட்டா, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மகளிர் படைக்கு முதல் இயக்குநர்.

● மகன் ஹாபியின் காலத்தில் நடந்த கூத்து இது. 1979 மே மாதம். அதிபர் வேட்பாளருக்கான உள்கட்சித் தேர்தலை மட்டும் தனித் தேதியில் நடத்த ஒரு மசோதா. முன்னாள் கவர்னர் ஜான் கானலிக்குச் சாதகமாக இருக்கும் என்று அதன் மேல் சந்தேகம். ஹாபி விடாப்பிடியாக நின்றார். அவை கூட 21 பேர் வேண்டும். 31 பேரில் 12 செனட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டார்கள். நான்கு நாளுக்கு மேல் ஆஸ்டினிலேயே, ஒரு கார் ஷெட்டை ஒட்டிய சிறிய குடியிருப்பில் பதுங்கிக் கிடந்தார்கள். ஹாபி மாநிலப் போலீஸான டெக்சஸ் ரேஞ்சர்களை ஏவினார். ஜீன் ஜோன்ஸ் என்ற செனட்டர் ஹூஸ்டனில் இருப்பதாகத் துப்பு கிடைக்க, ரேஞ்சர்கள் பாய்ந்து போய்ப் பிடித்தார்கள். பிடிபட்டவர் ஜீன் அல்ல, அவருடைய சகோதரர் கிளேட்டன்! ‘நான் அவரில்லை’ என்று மனிதர் மூச்சுவிடவில்லை. ஆளை ஆஸ்டினுக்குக் கொண்டுபோன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. கடைசியில் மசோதா போனது. ஓடி ஒளிந்தவர்களுக்கு ஹாபி வைத்த ‘கில்லர் பீஸ்’, அதாவது கொலைகாரத் தேனீக்கள், என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

● டெக்சஸை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால், 1920 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த ஜோடி இருவருமே முன்னாள் லெப்டினன்ட் கவர்னர்கள். அதிபர் வாரன் ஹார்டிங் ஒஹையோவிலும், துணை அதிபர் கால்வின் கூலிட்ஜ் மாசசூசெட்ஸிலும் இருந்தவர்கள். 1923 ஆகஸ்டில் ஹார்டிங் திடீரென இறக்க, வெர்மான்ட் கிராமத்து வீட்டில், நள்ளிரவு தாண்டி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கூலிட்ஜ் அதிபராகப் பதவியேற்றார். உறுதிமொழி செய்துவைத்தவர் அவருடைய அப்பா. அவர் நோட்டரியாக இருந்தது வசதியாகப் போயிற்று.

● புல்லக் 1998-ல் மறுபடி நிற்கவில்லை. அந்த இடத்துக்கு ஜெயித்தவர் ரிக் பெர்ரி. வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு. 2000-ல் புஷ் அதிபராகத் தேர்வாகிக் கவர்னர் பதவியை விட்டதும் பெர்ரி கவர்னரானார். பிறகு 2015 வரை அசையவில்லை. டெக்சஸ் வரலாற்றில் அதிக காலம் கவர்னராக இருந்தவர் அவர்தான்.

● புஷ் அதிபரானதைப் பார்க்க புல்லக் இல்லை. ஓயாமல் புகைத்தவர், குடியும் உண்டு, 1981-ல் சிகிச்சைக்குப் போய் அதை விட்டார். 1999 ஜூன் 18 அன்று புற்றுநோயில் இறந்தார். ஆஸ்டினில் இருக்கும் மாநில வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர்தான். உங்கள் மகனோ மகளோ ஐ.டி. வேலையாக ஆஸ்டினில் இருந்து, நீங்களும் அங்கே போக நேர்ந்தால், மால்களுக்கு நடுவே ஒரு பாதி நாளை இதற்கு ஒதுக்குங்கள். 1686-ல் டெக்சஸ் கரையோரம் மூழ்கிய ‘லா பெல்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் அடிப்பாகத்தை மீட்டெடுத்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.